காவேரிப்பட்டணத்து மாங்கூழ் ஆலையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?

சில வருடங்களுக்கு முன் ஒரு தை மாதம். பொருளாதாரக் கணக்கெடுப்புக்கு வந்த பெண் ஒருவர், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையின் கேட்டில் நின்றபடி எனக்கு போன் செய்தார். அந்த ஆலைக்குக் கணக்கு எழுதுவது நான் வேலை பார்க்கும் ஆபீஸ். வாட்ச்மேன் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்.

“சார், ஆலை பூட்டியிருக்கு. உள்ளே ஆள் ரொம்பக் கம்மி. எத்தனை பேர் வேலை செய்யறாங்கன்னு போடணும்.”

“பர்மனென்ட் ஆட்கள் 12 பேரும்மா. சீசன்ல வந்திருந்தீங்கன்னா இன்னும் 180 பேர் இருந்திருப்பாங்க.”

“அப்ப 12-ன்னு போடட்டுமா, 192-ன்னு போடட்டுமா?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவர் தன் கையேட்டைப் பார்த்து ஏதோ ஒன்றைப் போட்டுக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டார். கேள்வி என்னிடம் தங்கிவிட்டது. ஏனென்றால் ஆலையின் மாதக் கணக்கு அரசாங்கத்தின் கணினியில் ஏற்கெனவே இருந்தது. மாதாமாதம் அதை ஏற்றிக்கொண்டிருந்தவனே நான்தான்.

நாட்டில் உள்ள எல்லாத் தொழில் இடங்களையும் வீடு வீடாகப் போய் எண்ணும் இந்தக் கணக்கெடுப்பு 1977-ல் தொடங்கியது. 2013–14-ல் நடந்த 6-ஆவது கணக்கெடுப்பு ஏறக்குறைய 5.85 கோடித் தொழில் இடங்களைக் கண்டது. 2019-ல் தொடங்கிய 7-ஆவதின் முடிவுகள் வெளியிடப்படவில்லை. இடைப்பட்ட காலத்தில் ஜிஎஸ்டி வந்தது, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு வந்தது, பி.எஃப். கணக்கு முழுக்க ஆன்லைனுக்குப் போனது. வீடு வீடாகப் போவதற்குப் பதில் இந்தப் பதிவேடுகளிலிருந்தே தொழில்களின் புள்ளிவிவரத்தைத் தயாரிக்கலாமே என்பது நியாயமான கேள்வி. தயாரிக்கலாம் என்பதுதான் என் எண்ணமும். ஆனால் அந்தப் பதிவேடுகளை நிரப்பும் இடத்தில் இத்தனை வருடம் உட்கார்ந்திருப்பவன் என்பதால், எதை நம்பலாம், எதை அப்படியே எடுத்தால் தப்பாகும் என்று சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. அதற்கு இந்த ஒரு ஆலை போதும்.

ஆலை எது என்று தெரியக் கூடாது என்பதற்காக அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். ஆட்களின் எண்ணிக்கையும் நாட்களும் கணக்குப் போட வசதியாக நான் வைத்துக்கொண்டவை. நடைமுறை மட்டும் நிஜம்.

ஆலை

மே மாதம் பாதியில் பெங்களூரா மாங்காய் மண்டிகளுக்கு வரத் தொடங்கும். ஊருக்கு வெளியே தோதாபுரி என்று சொல்வது இதைத்தான். ஜூலை கடைசியில் ஏறக்குறைய முடிந்துவிடும். அந்த எழுபது நாள் ஆலை இரவு பகலாக ஓடும். சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்கள் வேன்களில் வந்து பழம் கழுவுவார்கள், தரம் பிரிப்பார்கள், வெட்டுவார்கள். கூழ் டின்களிலும், டிரம்முக்குள் வைக்கும் கிருமி நீக்கிய பைகளிலும் அடைபடும். ஆகஸ்டில் சத்தம் அடங்கிவிடும். பிறகு சவூதிக்கும் ஏமனுக்கும் நெதர்லாந்துக்கும் கன்டெய்னர்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். சில வருடம் அடுத்த சீசன் வரை கிளம்பிக்கொண்டே இருக்கும்.

180 பேர் 70 நாள் என்றால் 12,600 ஆள்நாள். நிரந்தர ஆட்கள் 12 பேர் 300 நாள் என்றால் 3,600. மொத்தம் 16,200. இதை வருடத்தின் 300 வேலை நாட்களால் வகுத்தால் 54 பேர் வருகிறது. ஆக, தை மாதத்தில் 12, ஆனியில் 192, வருடச் சராசரியில் 54. மூன்றும் உண்மை. வங்கிக்கு ஒன்று பயன்படும், வேன் விடுகிறவருக்கு இன்னொன்று, மாவட்டத்தின் வேலைவாய்ப்பைக் கணக்கிடுகிறவருக்கு மூன்றாவது. எது என்று தலைப்பில் சொல்லாமல் எண்ணை மட்டும் அச்சிட்டால்தான் தப்பு.

ஜிஎஸ்டி சொல்வதும் சொல்லாததும்

பதிவேடுகளிலேயே பெரியது இது. 2017 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது. 15 இடம் கொண்ட ஜிஎஸ்டி எண்ணை உற்றுப் பார்த்தாலே புள்ளியியல் ஆட்களுக்கு அது ஏன் பிடிக்கிறது என்று புரியும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 33, பக்கத்தில் கர்நாடகத்துக்கு 29. அடுத்த பத்து இடம் பான் எண். ஆகவே வருமான வரியோடும் உத்யத்தோடும் இணைக்கும் கண்ணி எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. மாதம் தவறாமல் கணக்கு வருகிறது. எந்தச் சர்வேக்கும் இந்த வேகம் கிடையாது.

இப்போது நம் ஆலையின் கணக்கைப் பாருங்கள். மே, ஜூன், ஜூலை மாதங்களில் ஆலை பறக்கிறது. அந்த மாத ரிட்டர்னில் விற்பனை மிகக் குறைவு, சில நேரம் பூஜ்யம். கூழ் குடோனில் இருக்கிறது, இன்னும் விற்கவில்லை. நவம்பரிலும் டிசம்பரிலும் ஆலையில் ஈ ஆடாது. கன்டெய்னர் கிளம்புவதால் ரிட்டர்னில் விற்பனை எகிறும். மாத விற்பனையை மாத உற்பத்தி என்று வாசிக்கிறவர், கிருஷ்ணகிரியில் மார்கழி மாதத்தில் மாம்பழம் பிழிகிறார்கள் என்றுதான் முடிவுக்கு வருவார். உற்பத்தி என்பது விற்பனையோடு கையிருப்பின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டியது. கையிருப்பு மாத ரிட்டர்னில் இல்லை. வருடக் கடைசி பேலன்ஸ் ஷீட்டில்தான் இருக்கிறது.

வாங்கும் பக்கம் இன்னும் இருட்டு. விளைந்த மாங்காய்க்கு வரி கிடையாது. தன் நிலத்தில் விளைந்ததை விற்கும் விவசாயி ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதும் இல்லை. ஆலையின் மிகப் பெரிய செலவு பழம். அந்தப் பழம் யாரிடமிருந்து வந்தது என்பதற்கு, விற்றவர் பக்கத்தில் ஒரு பில்லும் கணினிக்குள் இல்லை. டிரம், பை, டின், லாரி வாடகை என்று மற்றதெல்லாம் தெரியும், பழம் தெரியாது. விற்பனையிலிருந்து கணினிக்குத் தெரிந்த கொள்முதலை மட்டும் கழித்து மதிப்புக்கூட்டல் என்று போட்டால், தோட்டக்காரர் சம்பாதித்ததும் ஆலை சம்பாதித்ததாக ஆகிவிடும்.

அப்புறம் ஜாப் ஒர்க். ஒரு சீசனில் எங்கள் ஆலை, வெளியூர் ஏற்றுமதியாளர் ஒருவர் வாங்கிக் கொடுத்த பழத்தைக் கூலிக்குப் பிழிந்து கொடுத்தது. ஆலை ஓடியது அதே அளவு, ஆட்கள் அதே ஆட்கள், கரண்ட் பில் அதே பில். ஆனால் ரிட்டர்னில் தெரிந்தது கூலி மட்டும். முந்தைய வருடத்தோடு ஒப்பிட்டால் ஆலை படுத்துவிட்டது போல இருக்கும். கூழின் முழு மதிப்பு ஏற்றுமதியாளர் கணக்கில், அவர் பதிவு செய்த ஊரில் ஏறியது.

இன்னொன்றும் உண்டு. விற்பனையையும் வரியையும் சுருக்கமாகச் சொல்லும் ஜிஎஸ்டி 3பி ரிட்டர்னைப் போட்ட பிறகு திருத்த முடியாது. ஒரு மாதம் விட்டுப்போனதை அடுத்த மாதத்தில் சேர்ப்போம், கூடப் போட்டதை அடுத்த மாதத்தில் கழிப்போம். 5 கோடி ரூபாய் வரை விற்பனை உள்ளவர்கள் காலாண்டுக்கு ஒரு முறை போட்டால் போதும். வரித் துறைக்கு இதில் எந்தக் குறையும் இல்லை, கடைசியில் வரி வந்து சேர்ந்துவிடும். மாதவாரிப் புள்ளிவிவரம் தயாரிப்பவருக்கோ, முதலில் வரும் எண் பல மாதம் அசைந்துகொண்டே இருக்கும். முதல் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு என்று தேதி போட்டு வெளியிடுவதுதான் அவருக்கு இருக்கும் நேர்மையான வழி.

இ.பி. மீட்டர்

பதிவேடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது மின் இணைப்பு. யாருமே இதைப் புள்ளிவிவரத்துக்காக வடிவமைக்கவில்லை. ஆனாலும் ஆலையின் மூச்சை அப்படியே காட்டுவது இதுதான். மே பாதியில் யூனிட் ஏறும், ஜூலை முடியும்போது இறங்கும், மற்ற மாதம் ஆபீஸ் விளக்கும் வாட்ச்மேன் ரூம் ஃபேனும் மட்டும். கூழ் சொந்தமா ஜாப் ஒர்க்கா என்று மீட்டருக்குத் தெரியாது. தெரியத் தேவையும் இல்லை. உற்பத்தியின் மாதக் கணக்கை ஜிஎஸ்டியிடம் கேட்பதை விட மீட்டரிடம் கேட்கலாம். வருட உற்பத்தியைப் பேலன்ஸ் ஷீட்டிலிருந்து எடுத்து, மாதங்களுக்குப் பிரிக்க மீட்டரைப் பயன்படுத்துவது சுத்தமான வழி.

இணைப்பு நகராது என்பது அதன் அடுத்த பலம். ஆளுக்குக் கொடுத்த எண்கள் ஆளோடு போய்விடும். சர்வீஸ் நம்பர் கட்டடத்தோடு நிற்கும். இதன் அருமை எங்கள் ஆலையின் பெரியவர் தவறியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் தனிநபர் உரிமையாளர். மகன் பொறுப்பேற்றார். அதே ஷெட், அதே மெஷின், அதே மேஸ்திரி, கேட்டில் அதே வாட்ச்மேன். ஆனால் பான் மகனுடையது. எனவே ஜிஎஸ்டி எண் புதிது, பழையது ரத்து; உத்யம் புதிது; உணவுப் பாதுகாப்பு உரிமமும் அவர் பெயருக்கு மாற வேண்டும். பதிவேட்டை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு, அந்த வருடம் காவேரிப்பட்டணத்தில் ஒரு தொழில் இறந்தது, ஒரு தொழில் பிறந்தது. மாவட்டத்தில் புதிதாகத் தொடங்கிய தொழில்கள் இத்தனை என்ற கணக்கில் மகன் போய் உட்கார்வார். உண்மையில் நின்றதும் இல்லை, தொடங்கியதும் இல்லை. தனிநபர் தொழில் கூட்டாண்மை ஆகும்போதும், கூட்டாண்மை பிரைவேட் லிமிடெட் ஆகும்போதும் இதே கதைதான். இந்தப் போலிப் பிறப்பையும் போலி இறப்பையும் வடிகட்ட, ஒரே சர்வீஸ் நம்பரில் மீட்டர் தொடர்ந்து ஓடுகிறதா என்று பார்ப்பது போல நம்பகமான சோதனை வேறு எனக்குத் தெரிந்து இல்லை.

குறையும் இருக்கிறது. இணைப்பு இன்றைக்கும் யார் பெயரில் இருக்கிறது என்றால், பெரியவரின் அப்பா பெயரில். ஒரே வளாகத்தில் ஆலைக்கு ஒன்று, கேன்டீனுக்கு வணிகக் கட்டணத்தில் ஒன்று, பழைய வீட்டுக்கு ஒன்று என மூன்று மீட்டர். பெயரை வைத்து இணைத்தால் ஒன்றும் சேராது. மீட்டரை எண்ணினால் ஒரு ஆலை மூன்றாகும்.

பி.எஃப்., தொழிற்சாலைப் பதிவு, உத்யம்

பி.எஃப். கணக்கில் சீசன் ஆட்கள் 180 பேரில் ஒருவர்கூட ஆலையின் பெயரில் இல்லை. அவர்களைக் கொண்டுவரும் கான்ட்ராக்டருக்குத் தனிக் குறியீடு. அவர் ஆபீஸ் ஓசூரில். அவர் மே முதல் ஜூலை வரை இங்கே ஆள் அனுப்புவார், பிறகு அதே ஆட்களில் சிலரை ஓசூர் சிப்காட்டில் ஏதாவது கம்பெனிக்கு அனுப்புவார். பதிவேட்டின்படி அவர்கள் ஆள் அனுப்பும் சேவைத் தொழிலில் இருக்கிறார்கள், மாங்கூழில் இல்லை. ஒரு ஜூன் மாதம் 12 நாள் வந்த பெண்ணும் முழு மாதம் வந்த பெண்ணும் அந்தப் பட்டியலில் ஆளுக்கு ஒரு வரிதான். வராத நாட்களுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதையும் சேர்த்துப் படித்தால் ஆள்நாள் கிடைக்கும். தலை எண்ணிக்கையை மட்டும் வெளியிட்டால் கிடைக்காது.

சட்டம் வைக்கும் எல்லைக்கோடுகள் பதிவேட்டைச் செதுக்குகின்றன. பி.எஃப். கட்டாயம் 20 பேரிலிருந்து. ஜிஎஸ்டி பொருள் விற்பவருக்கு 40 லட்சம் ரூபாயிலிருந்து. 19 பேரோடு நின்றுவிடும் பட்டறைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உண்மையிலேயே 19 பேரா என்பதை அவரவர் மனசாட்சிக்கு விடுகிறேன். ஆனால் பதிவேட்டில் 19-இல் ஒரு குவியல் இருந்தால் அதைத் தொழிலின் இயல்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

தொழிற்சாலைப் பதிவின் கதை இன்னும் முக்கியம். நாட்டின் ஆண்டுத் தொழிற்சாலை ஆய்வு, 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் பதிவான பட்டியலை வைத்தே நடந்து வந்தது: மின்சாரத்தோடு 10 பேர், மின்சாரம் இல்லாமல் 20 பேர். இந்தப் பதிவு இடத்துக்கு இடம் தனியானது என்பதால் மாவட்டக் கணக்குக்கு மிக ஏற்றது. 2025 நவம்பர் 21-இல் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் தொழிற்சாலைக்கான எல்லை 20, 40 என்று உயர்ந்துவிட்டது. 14 பேரோடு மோட்டார் போட்டு ஓடும் ஒரு பட்டறை எதுவும் மாறாமலேயே பட்டியலுக்கு வெளியே போகலாம். பழைய எல்லைக்குள் இருந்தவற்றைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளாவிட்டால், சில வருடம் கழித்து வரைபடத்தில் ஒரு பள்ளம் தெரியும். யாரோ அதைத் தொழில் வீழ்ச்சி என்று மேடையில் பேசுவார்.

உத்யத்தைப் பற்றி நான் கொஞ்சம் மனம் விட்டுச் சொல்ல வேண்டும். 2020 ஜூலை 1 முதல் சிறு, குறு தொழில்களுக்கான பதிவு இது. இலவசம், ஆன்லைன், சுயஅறிவிப்பு. ஆதாரும் பானும் இருந்தால் பத்து நிமிட வேலை. ஆள் எத்தனை என்ற கட்டத்தில் சொன்னதைப் போடுவோம். மூடிய தொழிலை நீக்க யாரும் திரும்ப வருவதில்லை. ஆகவே பதிவுகளின் மொத்த எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் இருக்கும். கடன் முகாம் நடந்தால் ஏறும். சிறு தொழில்களிடம் வாங்கிய சரக்குக்கு அதிகபட்சம் 45 நாள் கெடு தாண்டியும் வருடக் கடைசியில் பணம் கொடுக்காமல் இருந்தால் அந்தச் செலவை அந்த வருடம் கழிக்க முடியாது என்ற வருமான வரி விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததும், பழைய பாக்கி வசூலாகுமே என்று எங்கள் ஆபீஸுக்கு வந்து பதிவு செய்தவர்கள் உண்டு. அவர்கள் யாரும் அன்றைக்குப் புதிதாகத் தொழில் தொடங்கவில்லை.

தொழில் வகைக் குறியீடு அதை விடக் கவலை. தேசியத் தொழில் வகைப்பாடு 2008-இல் பழம், காய்கறி பதப்படுத்துதல் 1030. மாமரம் வளர்ப்பது 0122-க்குள் வரும். பழ மொத்த வியாபாரம் 4630. எங்கள் ஆலையின் முதல் பதிவை மகன் ஒரு பிரவுசிங் சென்டரில் செய்திருந்தார். அங்கிருந்த பையன் தேடும் கட்டத்தில் மாம்பழம் என்று ஆங்கிலத்தில் அடித்திருக்கிறான். முதலில் வந்தது பழத்தோட்டம். அதைத் தட்டிவிட்டான். மூன்று வருடம் அந்த ஆலை மாந்தோப்பாக இருந்தது. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் தட்டும் அந்த ஒரு வரி டெல்லி வரை போகும் என்று அவனிடம் சொன்னவர் யாரும் இல்லை. மாவட்டத்தின் தொழில் புள்ளிவிவரத்தை முதலில் எழுதுவது அவனும் என்னைப் போன்ற கணக்கர்களும்தான். கூட்டல் கழித்தல் பிறகுதான்.

இது கிருஷ்ணகிரிச் சிக்கல் மட்டும் என்று நினைக்க வேண்டாம். கம்பெனிப் பதிவாளரிடம் உள்ள பட்டியலை வைத்து, 2016 ஜூலை முதல் 2017 ஜூன் வரை நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 74-ஆவது சுற்றில் சேவைத் துறை நிறுவனங்களைத் தேடிப் போனார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கண்டுபிடிக்க முடியாமலோ, மூடிக்கிடந்தோ, பட்டியலில் சொன்ன தொழிலுக்குச் சம்பந்தமில்லாமலோ இருந்தன. 2019-ல் அந்த அறிக்கை வந்தபோது பெரிய விவாதம் நடந்தது. 2015 முதல் நாட்டின் உள்நாட்டு உற்பத்திக் கணக்கே அந்தக் கம்பெனிப் பதிவேட்டைப் பயன்படுத்தி வந்தது. பதிவேடே வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அந்த அறிக்கையில் பிடித்தது வேறு: பட்டியலை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்ச் சரிபார்த்திருக்கிறார்கள். பதிவேட்டை நம்புவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

ஒரு தொழில் என்பது எது?

பிரிட்டன் 1994-இல் மதிப்புக்கூட்டு வரிப் பதிவையும் சம்பளத்தில் பிடிக்கும் வரிப் பதிவையும் இணைத்து ஒரே தொழில் பதிவேடாக்கியது. அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை சிறு தொழில்களில் பலவற்றுக்குப் படிவமே அனுப்பாமல் வரித் துறைக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆனால் பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் நிறுவனங்களிடம் மட்டும், எந்த ஊரில் எத்தனை பேர் என்று தனி சர்வே நடத்தி வந்தது. ஓசூரை நினைத்தால் அதன் காரணம் உடனே விளங்கும்.

ஜிஎஸ்டி எண் மாநிலத்துக்கு ஒன்று. தலைமை அலுவலகம் சென்னையில், தொழிற்சாலை ஓசூரில் என்றால், தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே 33 எண் போதும். முதன்மை இடம் சென்னை. ஓசூர் கூடுதல் இடங்களின் பட்டியலில் ஒரு வரி. ஓசூரில் உற்பத்தியாகும் அத்தனையும் ரிட்டர்னில் சென்னையின் பெயரில் நிற்கும். மாநிலக் கணக்கு சரியாக இருக்கும். மாவட்டக் கணக்கு சாய்ந்துவிடும். பெங்களூரில் தலைமையகம் வைத்து ஓசூரில் தொழில் நடத்துபவர் விஷயத்தில் இந்தத் தொல்லை இல்லை. 29 வேறு, 33 வேறு. மாநில எல்லை தாண்டி வந்தவரின் கணக்கு மாவட்டத்துக்குச் சரியாக வருகிறது, சொந்த மாநிலத்துக்காரரின் கணக்கு தலைநகருக்குப் போகிறது.

கிரானைட்டிலும் இதே. ஒரே பானில் ஒருவர் ஒரு தாலுகாவில் குவாரியும் பர்கூர் பக்கம் பாலிஷ் யூனிட்டும் நடத்தினால், குவாரி சுரங்கத் தொழில், 0810. அறுத்துப் பாலிஷ் போடுவது உற்பத்தித் தொழில், 2396. ஜிஎஸ்டியில் இரண்டும் ஒன்று. ஆகவே புள்ளியியலுக்கு இரண்டு அடுக்கு வேண்டும். மேலே உரிமையாளர், பானால் அடையாளம். கீழே தொழில் நடக்கும் இடம், மின் இணைப்பாலும் தொழிற்சாலைப் பதிவாலும் அடையாளம். விற்பனையை மேல் அடுக்கிலிருந்து எடுத்து, கீழ் அடுக்குக்கு ஆள்நாள், சம்பளம், மின் யூனிட் கணக்கில் பிரித்துக் கொடுக்கலாம். அது மதிப்பீடுதான். ஆனாலும் எல்லாவற்றையும் சென்னைக்குக் கொடுத்துவிடுவதை விட உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

இணைக்கும்போது வரும் தொல்லைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9-இல். அதற்கு முன் பதிவான உரிமங்களில் முகவரி தருமபுரி மாவட்டம் என்றே இருக்கும், பலர் மாற்றவில்லை. சரி, பின்கோடை வைத்துப் பிரிக்கலாமா என்றால், 635 என்று தொடங்குவது கிருஷ்ணகிரிக்கும் உண்டு, திருப்பத்தூர், வாணியம்பாடிக்கும் உண்டு. 636 தருமபுரிக்கும் சேலத்துக்கும் பொது. காவேரிப்பட்டணத்தை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுகிறோம். கணினி நாலு ஊர் என்று நினைக்கும். கம்பெனிகளின் 21 இடக் குறியீட்டிலும் மாநில எழுத்து இரண்டு விதம்: கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டும் கோயம்புத்தூர்ப் பதிவாளரின் கீழ் வருவதால், சென்னைக் கம்பெனிகளுக்கு உள்ள எழுத்து இங்கே இராது. இது தெரியாமல் தமிழ்நாடு என்று வடிகட்டினால் மேற்கு மாவட்டங்கள் மொத்தமாக விட்டுப்போகும்.

எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவர்கள்

ஆலை அமைதியாக இருக்கும் தை, மாசியில் அதே கிராமங்களில் புளி வேலை தொடங்குகிறது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஓடு உடைத்து, நார் எடுத்து, கொட்டை தட்டி, எடை போட்டு மண்டிக்காரருக்குக் கொடுப்பார்கள். சீசனில் ஆலைக்கு வரும் அதே பெண்கள். இந்த வேலைக்கு ஜிஎஸ்டி இல்லை, பி.எஃப். இல்லை, தனி மீட்டர் இல்லை. ஜிஎஸ்டி இல்லாத குறுந்தொழில்களைச் சேர்க்க 2023 ஜனவரியில் உத்யம் அசிஸ்ட் வந்தது; வங்கிக் கடன் வாங்கியவர்கள் அதில் இருக்கலாம், மற்றவர்கள் பெரும்பாலும் இல்லை. இவர்களை எண்ண ஆள் நேரில் போய்த்தான் ஆக வேண்டும். கம்பெனியாகப் பதிவு பெறாத தொழில்களுக்கான வருடாந்திர மாதிரி ஆய்வு அதைத்தான் செய்கிறது. பதிவேடு இருக்கிறதே, சர்வேக்கு எதற்குப் பணம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்தப் புளிக்காரப் பெண்கள். பெரிய ஆலைகளின் விற்பனையைக் கேட்டுக் கேட்டு அலைய வேண்டாம், அது கணினியில் இருக்கிறது. அந்த நேரத்தையும் ஆளையும் திண்ணைக்கு அனுப்புங்கள்.

பயம்

மகனிடம் ஒரு நாள் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் என்னை விட இளையவர், ஆனாலும் நன்றாக யோசிப்பவர்.

“அண்ணா, எல்லாத்தையும் ஒண்ணா சேத்துட்டா, மீட்டர் இவ்வளவு ஓடியிருக்கே, விற்பனை ஏன் இவ்வளவுதான்னு நோட்டீஸ் அனுப்ப மாட்டாங்களா?”

நியாயமான பயம். புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம் 2008, அதன் கீழ் திரட்டும் தனித் தகவலைப் புள்ளியியல் தவிர வேறு வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. ஐ.நா. 1994-இல் ஏற்று, 2014-இல் பொதுச்சபையிலும் ஏற்ற அடிப்படைக் கோட்பாடுகளில் ஐந்தாவது, நிர்வாகப் பதிவேடுகளையும் புள்ளியியலுக்குப் பயன்படுத்தலாம் என்கிறது. அடுத்ததே ஆறாவது, தனித் தகவல் கண்டிப்பாக ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது. வரித் துறையிலிருந்து புள்ளியியல் துறைக்குத் தகவல் போகலாம். திரும்பி வரக் கூடாது. கிணற்று மோட்டாரில் மாட்டும் ஒருவழி வால்வு மாதிரி என்று அவரிடம் சொன்னேன். அந்த வால்வு ஒரு தடவை கசிந்தால் போதும், அதற்குப் பிறகு எங்கள் ஆபீஸுக்கு வரும் யாரும் எந்தக் கட்டத்திலும் உண்மையான எண்ணைச் சொல்ல மாட்டார்கள்.

வெளியிடுவதிலும் கவனம் வேண்டும். ஒரு ஒன்றியத்தில் இரண்டே ஆலைகள் இருந்து, ஒன்றியத்தின் மொத்த விற்பனையை அச்சிட்டால், ஒருவர் தன் கணக்கைக் கழித்து அடுத்தவர் கணக்கைத் தெரிந்துகொள்வார். அந்த மாதிரி இடங்களில் கட்டத்தை மறைக்க வேண்டும், அல்லது பக்கத்து ஒன்றியத்தோடு சேர்க்க வேண்டும்.

போன சீசனுக்கு முன் ஒரு மதியம் மகனும் நானும் உட்கார்ந்து ஆலையின் காகிதங்களை எல்லாம் மேசையில் பரப்பினோம். உத்யத்தில் மாந்தோப்பை எடுத்துவிட்டு 1030-க்குள் கூழுக்கு உரியதைப் போட்டோம். குடோன் முகவரியை ஜிஎஸ்டியில் கூடுதல் இடமாகச் சேர்த்தோம். ஊர்ப் பெயரை எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் மாற்றினோம். கான்ட்ராக்டரிடம் பேசி, எங்கள் ஆலைக்கு வரும் ஆட்களின் மாதப் பட்டியலில் வந்த நாட்களைச் சரியாகக் குறித்து ஒரு பிரதி எங்களுக்கும் தரச் சொன்னோம். ஆள் எத்தனை என்ற கட்டத்துக்கு வந்தபோது மகன் நிமிர்ந்து பார்த்தார்.

“என்னண்ணா போடறது?”

கட்டம் ஒன்றுதான் இருந்தது. 12 என்று போட்டோம். 180 பேரின் பட்டியலை மாதவாரியாக ஒரு ஃபைலில் போட்டு, அட்டையில் சர்வீஸ் நம்பரை எழுதி பீரோவில் வைத்திருக்கிறோம். அடுத்த கணக்கெடுப்புக்கு யார் வந்தாலும், எந்த மாதம் வந்தாலும், அதை எடுத்துக் காட்டச் சொல்லி வாட்ச்மேனிடமும் சொல்லியாயிற்று. மீட்டர் மட்டும் இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. அதை மாற்ற வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.